இவர்களோடு நான் ஏன் சேர்ந்திருக்க வேண்டும்? பங்கின் ஒற்றுமை பற்றி ஒரு பதில்

ஒரே பங்கில் (ஒரு கோவிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில்) ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன், பாடகர் குழுவுக்கும் இளையோர் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பங்குப் பேரவை இரண்டு அணியாக நிற்கிறது, திருப்பலி முடிந்த கையோடு எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள், இங்கே ஒற்றுமை வருமா, என் ஆன்மிக வாழ்வுக்கு இந்தப் பங்கு தேவைதானா, வேறு பங்குக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் அவற்றின் அடியில் கிடப்பது ஒன்றே என்று எனக்குப் படுகிறது: நானாகத் தேர்ந்துகொள்ளாத, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவும் செய்யாத இந்த மனிதர்களோடு நான் ஏன் சேர்ந்திருக்க வேண்டும்? சண்டையை ஓய வைக்கும் வழியை மட்டும் கேட்டிருந்தால் நான்கு வரியில் சொல்லிவிடலாம். சண்டை ஓய்ந்த பிறகும் உயிரில்லாமல் கிடக்கும் பங்குகளை நான் பார்த்திருப்பதால், அடியில் கிடக்கும் கேள்விக்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் குருவல்லன், பொதுநிலையினன். பொதுநிலையினருக்கான இறையியல் படிப்பை முடித்தபின், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அன்பியக் கூட்டங்களை (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுக்களை) நடத்துவதும் மறைக்கல்வி கற்பிப்பதுமாகக் காலம் போயிருக்கிறது; அதில் ஒன்பது ஆண்டுகள் பங்குப் பேரவையின் செயலராக இருந்து கூட்டக் குறிப்பேடு எழுதினேன். ஆகவே கீழே வருவதில் விவிலியமும் திருச்சபைச் சட்டமும் சொல்பவை ஒரு வகை, அவற்றை நம்பி நீங்கள் நடக்கலாம். என் அனுபவத்திலிருந்து வருபவை வேறு வகை, அவை உங்கள் பங்குக்குப் பொருந்தாமலும் போகலாம். நான் கத்தோலிக்க முறையை வைத்தே பேசுகிறேன். மற்றத் திருச்சபைகளில் சட்டமும் சொற்களும் வேறுபடும்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். பங்கைக் குறிக்க மேலை மொழிகளில் வழங்கும் சொல் 'பரோய்க்கியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அருகில் குடியிருத்தல், சொந்தமல்லாத ஊரில் தங்கியிருத்தல் என்பது அதன் பொருள். கிறிஸ்தவர்கள் இவ்வுலகில் கழிக்கும் காலத்தைச் சொல்லப் பேதுருவின் முதல் திருமுகம் (1:17) இந்தச் சொல்லையே எடுத்தாள்கிறது. ஒரே வழியில் போகிறவர்கள் இருட்டியதும் ஒரே சத்திரத்தில் தங்குவதைப் போன்றது பங்கு. பக்கத்துப் பாயில் யார் படுப்பார் என்பதைச் சத்திரத்துக்குப் போகிறவர் முடிவு செய்வதில்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பங்கை மறைமாவட்ட நிலப்பரப்பின் ஒரு பிரிவாகப் பார்த்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்போ, தன் 515ஆம் சட்டத்தில், நம்பிக்கையாளர்களின் நிலையான ஒரு குழுமம் என்று அதை வரையறுக்கிறது. அதே வேளையில் பங்கு பொதுவாக நிலப்பரப்பைச் சார்ந்தே அமையும் என்று 518ஆம் சட்டம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நாம் ஒரு குழுமமாக வாழ வேண்டும், ஆனால் அதில் யார் யார் இருப்பார் என்பதை வீட்டு முகவரி தீர்மானிக்கும் என்றாகிறது. செபக்குழுவையும் பக்தசபையையும் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம். அடுத்த பெஞ்சில் உட்காருபவரைத் தேர்ந்துகொள்ள முடியாது. என்னைக் கேட்டால் பங்கின் பெரிய வரமே இதுதான் என்பேன். பிடித்தவர்களோடு மட்டுமே செபித்துப் பழகியவருக்குத் தன்னுடைய அன்பு எவ்வளவு தூரம் போகும் என்று சோதித்துப் பார்க்க வாய்ப்பே அமைவதில்லை.

தொடக்கத் திருச்சபையில் இருந்த ஒற்றுமை நம்மிடம் இல்லையே என்ற ஏக்கம் உங்கள் கேள்வியில் இழையோடுகிறது. நம்பிக்கை கொண்டோர் ஒரே உள்ளமும் ஒரே உயிருமாய் இருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் 4ஆம் அதிகாரத்தில் சொல்வது உண்மைதான். ஆனால் 6ஆம் அதிகாரம் முணுமுணுப்போடு தொடங்குகிறது. கொரிந்தில் நிலைமை இன்னும் மோசம். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் (பேதுருவைச்) சேர்ந்தவன் என்று அணி பிரிந்திருந்தார்கள். ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடிய இடத்திலேயே ஒருவர் பசியோடிருக்க இன்னொருவர் குடிவெறியில் இருந்தார் என்று பவுல் 54ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுக்கு எழுதுகிறார். வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து உண்டுவிட்டார்கள், வேலை முடித்து வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று அறிஞர்கள் சிலர் இதை விளக்குகிறார்கள். அது ஊகம், ஆனால் பொருந்தக்கூடிய ஊகம். ஆண்டவரின் உடலென உணராமல் உண்பவர் தண்டனைத் தீர்ப்பையே உண்கிறார் என்று பவுல் எச்சரிக்கும்போது, 'உடல்' என்பது நற்கருணையை மட்டும் சுட்டுகிறதா, சுற்றி அமர்ந்திருக்கும் சகோதரரையும் சேர்த்துச் சுட்டுகிறதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் சொன்ன தீர்வில் ஐயத்துக்கு இடமில்லை: கூடி வரும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருங்கள் (1 கொரிந்தியர் 11:33). இத்தனைக்குப் பிறகும் அவர்கள் முழுதாகத் திருந்திவிடவில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படும் கடிதம் ஒன்றில், உரோமைத் திருச்சபை அதே கொரிந்து மக்களை, மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிய பிளவுக்காகக் கண்டிக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதே ஊர், அதே சண்டை. உங்கள் பேரவையைப் பற்றி நீங்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அப்படியானால் ஒற்றுமை என்பது என்ன? திருப்பலியின் சொற்களைச் சற்றுக் கூர்ந்து கேட்டால் விடை அங்கேயே இருக்கிறது. கிறிஸ்துவின் உடலிலும் இரத்தத்திலும் பங்குகொள்ளும் நாங்கள் தூய ஆவியாரால் ஒன்று சேர்க்கப்பட வேண்டும் என்று இரண்டாம் நற்கருணை மன்றாட்டு கேட்கிறது. அதற்குச் சற்றுப் பின்னர், எங்கள் பாவங்களைப் பாராமல் உமது திருச்சபையின் நம்பிக்கையைக் கண்ணோக்கி அதற்கு அமைதியும் ஒற்றுமையும் தந்தருளும் என்று குரு மன்றாடுகிறார். ஏற்கெனவே ஒன்றாகிவிட்டவர்கள் வாரந்தோறும் இதைக் கேட்க வேண்டியதில்லை. நாம் ஒற்றுமையைச் சம்பாதித்துக்கொண்டு பீடத்தண்டை வருவதாக வழிபாடு எங்கும் சொல்வதில்லை. பிளவுபட்டவர்களாக வந்து, ஒற்றுமையை இரந்து பெற்றுக்கொண்டு போகிறோம். இந்த வரிசை மனத்தில் பதியாதவரை, முதலில் எல்லாரும் ஒத்துப்போகட்டும், பிறகு பங்கு உருப்படும் என்று காத்துக்கொண்டே இருப்போம்.

எங்கள் பங்கில், தங்களுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்த இருவர் இருந்தார்கள். இடது வரிசையின் நான்காம் பெஞ்சு ஓரத்தில் ஒருவர், அவருக்கு நேர் பின்னால் ஐந்தாம் பெஞ்சில் மற்றவர். சமாதானத்தை அறிவித்துக்கொள்ளச் சொன்னதும் முன்னவர் வலப்பக்கம் திரும்புவார், பின்னவர் இடப்பக்கம் திரும்புவார். எட்டு ஆண்டுகளாக ஒருநாளும் இது பிசகியதில்லை. ஒருமுறை பின்னவர் அறுவைச் சிகிச்சைக்காக மூன்று வாரம் கோவிலுக்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு, முன்னவர் வழக்கம்போல் வலப்பக்கம் திரும்பிவிட்டு, பிறகு மெதுவாகத் தலையைப் பின்னால் திருப்பினார். இடம் காலியாக இருந்தது. திருப்பலி முடிந்து நான் வாசக நூலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வந்து, "அவருக்கு என்னவாம்?" என்றார். பெயர் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் நண்பர்களாகிவிடவில்லை, வழக்கு இன்றும் முடியவில்லை என்றுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் எட்டு ஆண்டுகள் திரும்பிப் பார்க்காமல் இருந்ததும் ஒருவகையில் அவரை நினைத்துக்கொண்டிருந்ததுதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. ஒரு பங்கில் சில வேளைகளில் ஒற்றுமை இவ்வளவாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒற்றுமை என்ற சொல்லை வாயை அடைக்கப் பயன்படுத்துவதும் பங்குகளில் நடக்கிறது. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தின் முணுமுணுப்பு பாகுபாட்டைப் பற்றியது: அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டார்கள். ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள் என்று திருத்தூதர் பன்னிருவரும் அவர்களை அதட்டவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா என்ற அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று பலரும் இதை வாசிக்கிறார்கள். பாலஸ்தீன யூதர்களும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டது உண்டு என்பதால் அதை அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் கதையின் போக்கு அந்தப் பக்கமே சாய்கிறது. பிறப்பையோ பணத்தையோ குடும்பத்தையோ வைத்து ஒரு பங்கில் ஆட்கள் ஒதுக்கப்பட்டால், அதைப் பேசுகிறவர் பிளவை உண்டாக்குபவர் அல்லர், ஏற்கெனவே இருக்கும் பிளவைக் காட்டுபவர். சிறுவர்களின் பாதுகாப்பு தொடர்பான குற்றமென்றால் பேச்சுக்கே இடமில்லை. அது பங்குக்குள் சமரசம் செய்யும் பொருளன்று, ஆயரிடமும் நாட்டுச் சட்டத்திடமும் போக வேண்டியது.

இதில் எனக்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. செயலராக இருந்த காலத்தில் ஓர் உறுப்பினர் கூட்டத்தில் கட்டட நிதியின் வரவுசெலவைக் கேட்டார். கேட்ட விதம் கொஞ்சம் காரமாகத்தான் இருந்தது, கூடம் அமைதியாகிவிட்டது. நான் குறிப்பேட்டில் 'நிதி குறித்து விவாதிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பங்கின் சமாதானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் அந்த வரியை நான் வாசித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமாதம் வரவில்லை. நம்பிக்கையாளர்கள் கொடுக்கும் பொருளுக்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் சட்டம் சொல்கிறது என்பதும், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்று 537ஆம் சட்டம் சொல்கிறது என்பதும் எனக்கு அப்போதே தெரியும். பங்குப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு (536), முடிவு பங்குத்தந்தையுடையது. ஆனால் திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க நம்பிக்கையாளருக்கு உரிமையும், சில வேளைகளில் கடமையும் உண்டு (212). கேட்டவர் தம் உரிமைக்குள் நின்று கேட்டார். நான்தான் எழுதவில்லை.

சண்டையைத் தீர்க்கும் முறைக்கு மத்தேயு 18ஆம் அதிகாரமே போதும்: முதலில் தனியே போய்ப் பேசுவது, கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப்போவது, அதன் பிறகே சபையிடம் கொண்டுபோவது. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குத் தெரிகிறது, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியாகத் தெரிகிறது. பிலிப்பியருக்கு எழுதுகையில் பவுல் எவோதியாவையும் சிந்திக்கேயையும் பெயர் சொல்லித் தனித்தனியே வேண்டிக்கொள்கிறார், அவர்களுக்கு உதவுமாறு மூன்றாமவர் ஒருவரையும் கேட்டுக்கொள்கிறார் (4:2-3). யார் பக்கம் நியாயம் என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. இருவரும் தம்மோடு நற்செய்திக்காகப் போராடியவர்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறார். உங்கள் பாடகர் குழுவுக்கும் இளையோருக்கும் தேவைப்படுவது அந்த மூன்றாமவராக இருக்கலாம். ஆறு ஆண்டுகளாக எந்த அணியிலும் சேராமல் இருக்கிறீர்கள் என்றால், அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் அங்கே இல்லாமலும் இருக்கலாம். முயற்சி பலிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நான் அப்படிப் போன ஐந்தாறு முறைகளில் இரண்டே இரண்டு முறைதான் ஏதோ நடந்தது.

ஆன்மிக நோக்கத்துக்கு வருகிறேன். எல்லா நம்பிக்கையாளரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 5ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. பொதுநிலையினர் அந்த அழைப்பை வாழ வேண்டிய இடம் குடும்பமும் தொழிலும் உலகக் காரியங்களுமே என்பதையும் அதே ஆவணம் சொல்கிறது. எனவே ஐந்து குழுக்களில் பெயர் கொடுத்து வாரத்தில் நான்கு மாலை கோவில் வளாகத்தில் கழிப்பதைப் பங்கின் நோக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். (அப்படிக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதவில்லை.) இலத்தீனில் திருப்பலியின் பெயரான 'மிஸ்ஸா' என்பதே முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் சொற்களிலிருந்து வந்தது. பங்கு அனுப்பிவைக்கும் இடம். அனுப்பப்படுபவருக்கு முதலில் தெரிய வேண்டியது யாரிடம் அனுப்பப்படுகிறோம் என்பதே.

நற்கருணைப் பணியாளராக, நோயுற்றவர்களின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும் பொறுப்பு எனக்குச் சில ஆண்டுகள் இருந்தது. படுத்த படுக்கையாய் இருந்த ஒரு பாட்டி, நற்கருணை வாங்கி, கண்ணை மூடிச் செபித்து முடித்ததும் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "என் இடத்துல இப்ப யாருப்பா உக்காந்திருக்கா?" முதலில் நான் இதை வயதானவரின் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஒருநாள் உண்மையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, புதிதாகக் குடிவந்த ஒரு பெண், கையில் குழந்தையோடு வருகிறார் என்று சொன்னேன். அன்றிலிருந்து பாட்டி அந்தப் பெண்ணுக்காகவும் குழந்தைக்காகவும் செபமாலை சொல்லத் தொடங்கினார். பங்கில் எந்தக் குழுவிலும் இல்லாத, கோவிலுக்கே வர முடியாத ஒருவர், தமக்கு அறிமுகமில்லாத ஒருவரைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். ஆன்மிக நோக்கம் என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. அது ஒரு கருத்தாக வருவதைவிட, பெரும்பாலும் ஒரு மனிதரின் முகமாகவே வருகிறது.

பங்கு ஒன்றாக வேண்டும் என்று கூட்டிய கூட்டங்களைவிட, பங்குக்கு வெளியே உள்ள ஒருவருக்காகச் சேர்ந்து செய்த வேலைகளே எங்களை ஒன்றாக்கின என்பது என் அனுபவம். ஒரு வீட்டில் மரணம் நடந்தபோது பேரவையின் இரண்டு அணிகளும் எந்தத் தீர்மானமும் இல்லாமல் ஒரே பெட்டியின் இரு பக்கமும் தோள் கொடுத்தன. அன்பியங்களும் உதவும்; பத்துப் பதினைந்து வீடுகள் ஒரே நற்செய்திப் பகுதியை வாசித்து, பேசி, செபிக்கும்போது பெயர்கள் தெரிய வருகின்றன. ஆனால் அதே அன்பியம் நான்கு குடும்பங்களின் கோட்டையாக மாறுவதையும் பார்த்திருக்கிறேன், ஆகவே அதை எல்லாவற்றுக்கும் மருந்தாகப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். பேரவைக் கூட்டத்தின் முதல் பதினைந்து நிமிடம் நிகழ்ச்சி நிரலைத் தொடாமல் வரும் ஞாயிறின் நற்செய்தியை வாசித்து அமைதியாக இருப்பது சிறிய காரியம். எங்களிடம் அது குரல்களின் உயரத்தைக் குறைத்தது, தீர்மானங்களை அவ்வளவாக மாற்றவில்லை.

கடைசியாக, வேறு பங்குக்குப் போகலாமா என்ற கேள்வி. எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில், எங்கே நிறைவேற்றப்படும் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறுகிறது என்று 1248ஆம் சட்டம் சொல்வதால், போவது பாவமன்று. உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ அங்கே தீங்கு நேருமானால், அல்லது செபிக்கவே முடியாத அளவுக்கு மனம் புண்பட்டிருந்தால், தயங்காமல் போங்கள். சலிப்பு மட்டுமே காரணமென்றால் இன்னும் ஓராண்டு இருந்து, ஒரே ஒரு நோயாளியின் வீட்டையோ ஒரே ஒரு மனத்தாங்கலையோ பொறுப்பாக எடுத்துப் பாருங்கள் என்பேன். புதிய பங்கிலும் ஆறாம் ஆண்டு வரும். எப்படியானாலும் போவதாக முடிவெடுத்தால் பங்குத்தந்தையிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். நான் செயலர் பொறுப்பை ஒப்படைத்த அன்று, பங்குக் குடும்பங்களின் பதிவு அட்டைகள் இருந்த பெட்டியைச் சரிபார்த்துக் கொடுத்தேன். கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்டவரின் அட்டையும் அதில் இருந்தது, அவர் கடைசியாக வந்த ஆண்டோடு பதிவுகள் நின்றுபோயிருந்தன. அவர் வீடு கோவிலிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஏன் வரவில்லை என்று கேட்க யாரும் போகவில்லை, நானும் போகவில்லை.